நகையும் நங்கையும்: மனோரமாவின் கலைவாழ்வு – ஓர் ஆய்வு

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்பது நம் மாவட்டத்து ஊர்களில் இன்றும் பெரியவர்கள் வாயில் வழங்கும் பழமொழி. கட்டுப் பிரித்த புகையிலை காரம் இழந்துவிடும். வாய்விட்டுச் சிரித்த பெண் மானம் இழந்துவிடுவாள் என்பது அதன் கருத்து. சிரிப்பதற்கே இத்தனைக் கட்டுப்பாடு என்றால், பிறரைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்ணின் நிலை எத்தகையது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. இதற்கு விடை காணத் தமிழ் நகைச்சுவை உலகில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்ற 'ஆச்சி' மனோரமாவின் வாழ்வை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு முன் வந்தோரையும், அவருக்குக் கிட்டாமற் போன ஒன்றையும் சேர்த்தே நோக்க விழைகின்றேன்.

தகடூரில் ஒலித்த நகை

பெண்ணுக்கு நகைச்சுவை வாராது என்பார்க்கு விடையிறுக்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் தருமபுரியே பண்டைத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுடைய தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான் தொண்டைமான். ஔவையார் சினந்து பேசவில்லை, அச்சுறுத்தவும் இல்லை. இவனுடைய கருவிகள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க மனையில் அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருந்துவார்போல் கூறினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. புகழ்வது போலப் பழித்தலும், பழிப்பது போலப் புகழ்தலும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. போர் அறியாத படையை ஒரு பெண்ணின் நகை குத்திக் காட்டிவிட்டது. இதனை நம் மண்ணின் சார்பில் பேசப்பெற்ற முதல் அங்கதம் எனக் கொள்வதில் தவறில்லை.

தொல்காப்பியர் வகுத்த நால்வகை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலாவதாக வைத்தார். பிறரை எள்ளுதல், இளமைத் தன்மை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்பது அவர் வகுத்த நெறி. உரையாசிரியர் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். ஒருவன் பிறரை எள்ளுவதாலும் நகை தோன்றும். தான் பிறரால் எள்ளப்படும்போதும் நகை தோன்றும் என இரு கூறாக்குகின்றார். இந்த இரண்டாம் பாகுபாடு நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படும். 'நகைப்பவள் யார், நகைக்கப்படுபவள் யார்' என்னும் கேள்வியை எழுப்பினால், பெண் நகைச்சுவையின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும். இலக்கணத்தில் ஆண் நகை, பெண் நகை என்ற பிரிவு இல்லை என்பதும் ஈண்டு நினையத்தக்கது. அப்பிரிவு பின்னர் வந்தது.

பெண் இல்லாத மேடை

பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். அவன் அரசனையும் கிண்டல் செய்வான். ஊர் நாட்டாண்மையையும் விடமாட்டான். கதைக்குள்ளும் நிற்பான், கதைக்கு வெளியே வந்து கூட்டத்தோடும் பேசுவான். கூத்தில் எவருக்கும் இல்லாத உரிமை அது. ஆனால் அவ்வுரிமை வழிவழியாக ஆணுக்கே உரியது. பாஞ்சாலி வேடத்தையே ஆண்மகன் கட்டும் மரபில், கட்டியங்காரியைத் தேடுவது எப்படி?

சங்கரதாச சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலும் இதே நிலைதான். சிறுவர்களே பெண்வேடம் ஏற்றனர். பாலாமணி அம்மையார் கும்பகோணத்தில் பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தியது போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் மேடையேறிய பெண்ணைச் சமூகம் மதித்த விதம் நாம் அறியாததன்று. பேசும் படம் வந்த பின்னரே பெண்ணின் நகைச்சுவை ஊரறிய ஒலித்தது.

மதுரம் முதல் முத்துலட்சுமி வரை

திருவரங்கத்தில் பிறந்த டி. ஏ. மதுரம், 1936இல் வெளிவந்த 'வசந்தசேனா' படப்பிடிப்பின்போது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைச் சந்தித்தார். அதன்பின் அவ்விணை தமிழ்த் திரையின் தனிப்பெரும் நகைச்சுவை இணையாயிற்று. மதுரத்தின் பங்கை நாம் பெரும்பாலும் கலைவாணரின் நிழலிலேயே வைத்துப் பார்க்கின்றோம். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில் கலைவாணர் கைதானார். 1947இல்தான் விடுதலை பெற்றார். அவ்விடைக்காலத்தில் வழக்கையும் பார்த்துக்கொண்டு, எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவையும் கலையாமல் காத்தவர் மதுரம். சிரிப்பு மூட்டும் பெண் ஒரு நிறுவனத்தையே தாங்கி நிறுத்த வல்லவள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவரையடுத்து, காளி என். ரத்தினத்தோடு இணைந்து 'சபாபதி' (1941) முதலான படங்களில் நடித்த சி. டி. ராஜகாந்தம், கொத்தமங்கலம் சுப்புவின் துணைவியாரான எம். எஸ். சுந்தரிபாய், 'கல்யாணப் பரிசு' (1959) படத்தில் கே. ஏ. தங்கவேலுவின் பொய்களுக்கு ஈடுகொடுத்த எம். சரோஜா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தூத்துக்குடியைச் சேர்ந்த டி. பி. முத்துலட்சுமியை நம் பகுதி மக்கள் தனியே நினைவிற் கொள்ள வேண்டும். அவருக்குப் புகழ் தந்த 'பொன்முடி' (1950), சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. 1965 அக்டோபர் 2ஆம் நாள் வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்ததால், அது நம் மாவட்டத்தில் எடுத்த படம் என்றே அன்று நம் முன்னோர் பேசியிருப்பர். 'அறிவாளி' (1963) படத்தில் தங்கவேலுவுக்கு முத்துலட்சுமி பூரி சுடக் கற்றுக்கொள்ளும் காட்சியை இன்றும் எண்ணிச் சிரிப்பவர் பலர்.

இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பொதுத்தன்மை காண்கின்றோம். நகைச்சுவை நடிகர் ஒருவருக்கு இணையாகவே அவர்கள் அறியப்பட்டனர். கணவனிடம் ஏமாறுபவள், கணவனை அடக்குபவள் என்ற இரண்டு அச்சுகளுள் ஒன்றில் பெரும்பாலும் வார்க்கப்பட்டனர். பேராசிரியர் கூறிய பாகுபாட்டின்படி, எள்ளப்படுவோராக நின்று நகை விளைவித்தனர் எனலாம்.

கோபிசாந்தா மனோரமாவான கதை

1937 மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட நிலையில், தாய் இராமாமிர்தம் மகளோடு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்து பிழைத்தார். வறுமையால் சிறுமியின் படிப்பு பாதியில் நின்றது. பாடும் குரல் மட்டும் நிற்கவில்லை. அக்குரல் கேட்டே நாடகக்காரர்கள் அழைத்தனர்; நாடக மேடையிலேயே 'மனோரமா' என்ற பெயரும் வாய்த்தது. பின்னர் எஸ். எஸ். இராசேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்து பெரிய வேடங்கள் தாங்கினார். செட்டிநாட்டில் மூத்த பெண்டிரை மதிப்போடு விளிக்கும் 'ஆச்சி' என்ற சொல் பிற்காலத்தில் அவருக்கே உரிய பெயராயிற்று. ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கியவரின் மகளுக்கு, வீட்டுத் தலைவிக்கு உரிய விளிப்பெயரைத் தமிழகம் முழுதும் வழங்கியது என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கின்றது.

திரைக்கு அவரைக் கொணர்ந்தவர் கவிஞர் கண்ணதாசன். அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) படத்தில் கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாக வந்தால் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட நேரும், நகைச்சுவையோ நெடுநாள் நிற்கும் என்று கவிஞர் கூறியதாக மனோரமா பேட்டிகளில் நினைவுகூர்ந்துள்ளார். கதாநாயகியாகவும் அவர் நடிக்காமலில்லை. அவ்வாய்ப்பை 'கொஞ்சும் குமரி' (1963) என்ற படத்தில் தந்ததும் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸே. ஆனால் கவிஞரின் கணிப்பே மெய்யாயிற்று. அவரோடு அறிமுகமான எத்தனையோ நாயகியர் விலகிய பின்னும் அவர் நடித்துக்கொண்டே இருந்தார். ஆயிரம் படங்களைக் கடந்து கின்னஸ் நூலிலும் இடம்பெற்றார்.

மணவாழ்வு நீடிக்கவில்லை. மகனைத் தாமே வளர்த்தார். அண்ணா, கலைஞர் ஆகியோருடன் நாடக மேடையிலும், எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என். டி. ராமராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்து, முதலமைச்சர்களாக விளங்கிய ஐவருடன் நடித்தவர் என்ற பெருமை பெற்றார். 'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நால்வகை நகையும் ஒருவரிடத்தே

இனித் தொல்காப்பியர் தந்த அளவுகோலை அவர் வேடங்களின்மீது வைத்துப் பார்ப்போம்.

பேதைமைக்கு 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி சான்று. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராசன் படமாக்கினார். நாடகக்காரியாகிய ரமாமணி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாதவள். மனத்தில் உள்ளது அப்படியே வாய்க்கு வந்துவிடும். அவள் பேதைமையைக் கண்டு நாம் நகைக்கின்றோம். ஆனால் அவளை இகழ்வதில்லை. சிவாசி கணேசன், பத்மினி என்னும் இரு பெருங்கலைஞர்கள் நடிக்கும் படத்தில் சிறிது நேரமே வந்து, பார்ப்போர் நெஞ்சில் நீங்காத இடம் பிடிப்பது எளிய செயலன்று.

மடமைக்கு நாகேசுடன் நடித்த படங்கள் சான்று. கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடிப் பேச்சோடு வரும் பெண்ணாக அவர் நடித்தார். பட்டணத்து வழக்கம் தெரியாமையே அங்கு நகைக்குக் காரணம். ஆயினும் நாகேசின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நேரக் கணக்கு அவரிடம் இருந்தது. நகைச்சுவையில் ஒரு சொல் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வாராது என்பதை நாடகம் போட்டுப் பார்த்தவர்கள் அறிவர்.

இளமைக்கு 'நடிகன்' (1990) படத்தின் பேபியம்மா சான்று. முதுமையின் வாயிலில் நிற்கும், மணமாகாத பெண்ணொருத்தி, கிழவர் வேடமிட்டு வந்த சத்யராசிடம் காதல் கொள்கின்றாள். முதியவரிடத்துத் தோன்றும் இளமைச் செயல் நகை தரும். ஆனால் மனோரமா அந்த நாணத்தை மெய்யான நாணமாகவே நடித்தார். அதனால் சிரிப்பின் அடியில் ஒரு தனிமை தெரிகின்றது.

எள்ளலுக்கு விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வரும் கண்ணம்மா சான்று. இவ்வேடத்தைத்தான் நான் மிக உயர்ந்ததாகக் கருதுகின்றேன். வீட்டு வேலைக்காரியாகிய கண்ணம்மா, அவ்வீட்டார் நாகரிகம் கருதிப் பேச முடியாததைச் சென்னைத் தமிழில் பேசிவிடுகின்றாள். சம்பந்தியாகும் பணக்காரரோடு அவள் வாதிடும் காட்சியில் எள்ளுபவள் ஏழைப் பெண், எள்ளப்படுபவர் செல்வர். பேராசிரியரின் பாகுபாடு இங்கே தலைகீழாகிவிட்டது. நகைக்கப்பட்டு வந்தவள் நகைப்பவள் ஆனாள். கட்டியங்காரனுக்கே உரியதாக இருந்த உரிமையைச் சில நிமிடங்களேனும் ஒரு பெண் பெற்றாள்.

குரலும் வானொலியும்

மனோரமாவின் கருவி முகம் மட்டுமன்று; குரலுமாகும். பிறந்தது தஞ்சைச் சீமை, வளர்ந்தது செட்டிநாடு, பேசிப் புகழ்பெற்றதோ சென்னைத் தமிழ். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் அச்சென்னைத் தமிழிலேயே அவர் பாடிய பாடல் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கிய காலத்தில், அதன் ஏற்ற இறக்கங்களைக் காதில் வாங்கி, பிசகின்றித் திருப்பித் தந்தவர் அவர். மொழியியல் பயிலும் மாணவர்க்கு அவருடைய வசனங்கள் நல்ல பயிற்சிப் பொருள் என்பது என் கருத்து.

இக்குரலை ஊர்தோறும் பரப்பியதில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. திரைப்பட ஒலிச்சித்திரம் ஒலிபரப்பாகும் பொழுது, படக்கொட்டகைக்குப் போக இயலாத பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே படத்தைக் 'கேட்டனர்'. முகபாவம் தெரியாத ஒலிச்சித்திரத்தில் குரலால் மட்டுமே சிரிக்க வைக்க இயலும். அத்தேர்வில் ஆச்சி எப்பொழுதும் தேறினார்.

ஆயினும் வானொலி தனக்கென ஒரு பெண் நகைச்சுவையாளரை உருவாக்கியதா? கடல் கடந்தும் தமிழரைக் கவர்ந்த இலங்கை வானொலியில், நாடக நடிகையாகத் தொடங்கிப் புகழ்மிக்க அறிவிப்பாளரானவர் இராஜேஸ்வரி சண்முகம். அவருடைய தமிழ் உச்சரிப்புக்கு மயங்காதார் இலர். ஆனால் அதே வானொலியில் பெயர்பெற்ற 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரில் கோமாளிகளாகப் பெயர் பெற்றவர்கள் ஆண்களே. இனிய குரல் பெண்ணுக்கு, கேலிக் குரல் ஆணுக்கு என்று எழுதாத விதி ஒன்று இருந்தது போலும்!

கடல்கடந்த ஓர் ஒப்பீடு

ஆஸ்திரேலிய நாட்டு வெண்டி ஹார்மரின் வாழ்வு இங்கு ஒப்பிடத்தக்கது. 1955இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்த அவர், பிறவியிலேயே பிளவுபட்ட உதடும் அண்ணமும் உடையவர். பேச்சே கடினமாக இருந்திருக்க வேண்டிய அப்பெண், முதலில் செய்தித்தாள் நிருபராகவும், பின்னர் மேடையில் தனியே நின்று நகைச்சுவை பேசுபவராகவும் விளங்கினார். 1989இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியின் 'தி பிக் கிக்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 1990களில் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் சிட்னி வானொலி ஒன்றின் காலை நிகழ்ச்சியை நடத்தினார். சிட்னி நகரம் அவர் சிரிப்போடு கண்விழித்தது எனலாம்.

இருவருள் யார் உயர்ந்தவர் என்பது என் வினாவன்று. வறுமையையும் வாழ்க்கைத் துயரையும் கடந்து ஆயிரம் வேடம் தாங்கிய ஆச்சியின் உழைப்பு ஒப்பற்றது. வேறுபாடு வேறோர் இடத்தில் உள்ளது. ஹார்மர் தாம் எழுதியதைத் தம் பெயரில் பேசினார். மனோரமா பிறர் எழுதியதைப் பிறர் பெயரில் பேசினார். ரமாமணியும் கண்ணம்மாவும் பேபியம்மாவும் ஆண்கள் கற்பனையில் பிறந்து அவரால் உயிர் பெற்றவர்கள். மனோரமா என்னும் பெண் தாம் கண்ட உலகத்தைத் தம் சொல்லால் எள்ளியிருந்தால், பள்ளத்தூர் அடுப்படியிலிருந்து கண்ட உலகம் நமக்கு எவ்வாறு தெரிந்திருக்கும்! அந்த நகைச்சுவையை நாம் இழந்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

நம்மிடையே உள்ள தடை

இவ்விழப்பு பழங்கதை என்று தள்ளத்தக்கதன்று. நான் முன்பு பயின்ற பள்ளி ஒன்றில் ஆண்டு விழா நாடகத்துக்கு மாணவ மாணவியரைத் தேர்ந்தெடுத்தனர். எங்கள் வகுப்பிலேயே மிகவும் வேடிக்கையாகப் பேசக்கூடிய மாணவி ஒருத்தி கோமாளி வேடம் கேட்டாள். "ஊரார் என்ன பேசுவார்கள்? நீ பாரதமாதாவாக நில்" என்று கூறிவிட்டனர். அவள் கையில் கொடியோடு, ஒரு சொல்லும் பேசாமல் இருபது நிமிடம் நின்றாள். கோமாளியாக வந்த மாணவனுக்கு வசனம் மறந்துவிட, திரைக்குப் பக்கத்தில் நின்ற அவளே அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய சொல்லுக்குக் கூட்டம் சிரித்தது. கைதட்டல் அவனுக்குப் போயிற்று.

இதில் அப்பள்ளியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பழமொழி ஒன்று செய்த வேலை அது. பெண் சிரிக்க வைத்தால் கூட்டம் அவள் சொல்லைக் கேட்கும். சொல்லைக் கேட்டால் அவள் கருத்தையும் கேட்க நேரும். அந்த அச்சமே தடையின் வேர் என்பது இவ்வாய்வில் நான் கண்ட முடிவு.

நிலை மாறி வருகின்றது என்பதையும் மறைத்தற்கில்லை. 'சதி லீலாவதி' (1995) படத்தில் கொங்குத் தமிழ் பேசிக் கதையையே தன் பக்கம் இழுத்துக்கொண்ட கோவை சரளா, மனோரமாவுக்குப் பின் அவ்விடத்தை நிரப்பினார். பட்டிமன்ற மேடையில் பாரதி பாஸ்கர் போன்றோர் தம் சொந்தச் சொற்களால் அவையைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கின்றனர். தாமே எழுதித் தாமே பேசும் இளம் பெண்கள் இணையத்திலும் வரத் தொடங்கியுள்ளனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகும். நகை என்னும் மெய்ப்பாட்டை இலக்கணம் ஆணுக்கென்று ஒதுக்கவில்லை. தகடூர் வேந்தனின் தூதுவராகச் சென்ற பெண்பாற் புலவரே எள்ளலின் உச்சத்தைத் தொட்டுக் காட்டினார். கூத்து மேடையும் பழமொழியும் சேர்ந்து மூடிய கதவை மதுரமும் முத்துலட்சுமியும் சிறிது திறந்தனர். மனோரமா அகலத் திறந்து வைத்தார். ஆனால் எழுதுகோலைப் பெண் நகைச்சுவையாளர் கையில் கொடுக்கும் பணி இன்னும் மிச்சம் இருக்கின்றது.

ஆதலின் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். வரும் ஆண்டின் கல்லூரி நாள் விழாவில் நகைச்சுவை நாடகம் ஒன்றை மாணவியரே எழுதி, மாணவியரே நடிக்க இடந்தர வேண்டும். அதில் கட்டியங்காரி ஒருத்தி இருக்கட்டும். தேர்வையும், விடுதிச் சாப்பாட்டையும், நெரிசலில் நாங்கள் தொங்கிக்கொண்டு வரும் நகரப் பேருந்தையும் அவள் எள்ளட்டும். இடையிடையே மாணவத் தோழர்களையும் கொஞ்சம் எள்ளுவாள். பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டியது அவர்கள் கடமை. முன்வரிசையில் அமர்ந்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டியது எங்கள் உரிமை.